மாடமும் விளக்கும்: பாரசீகத் தொழுகைக் கம்பளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

பாரசீகத் தொழுகைக் கம்பளம் ஒன்றை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பூக்களைத்தான் பார்க்கிறார்கள். பூவும் கொடியும் அழகுதான். ஆனால் இந்தக் கம்பளத்தின் வடிவமைப்பு தொழுகிறவரின் உடம்பை வைத்துத் தொடங்குகிறது. ஒருவர் நிற்கிறார், குனிகிறார், மண்டியிடுகிறார், நெற்றியைத் தரையில் வைக்கிறார். இப்படி நெற்றி தாழ்த்தும் சஜ்தாவில் ஏழு உறுப்புகள் தரையைத் தொட வேண்டும் என்பது நபிமொழி: மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரண்டு உள்ளங்கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு பாதங்களின் விரல்கள். இந்த ஏழும் கம்பளத்தில் எங்கெங்கே வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எந்த உருவம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது மெல்ல விளங்கத் தொடங்கும்.

என்னிடம் ஒரு பழைய பலூச்சிக் கம்பளம் இருக்கிறது. ஈரானின் கிழக்கே, குராசான் பகுதியில் வாழும் பலூச்சி மக்கள் நெய்யும் வகை. இரண்டரை அடி அகலம், நான்கரை அடி நீளம். நடுவில் ஒட்டக நிறத் தரை, அதில் கிளைகிளையாகப் பிரியும் ஒரு மரம். மேலே சதுரமாக எழும்பும் மாடம். மாடத்தின் இருபுறமும் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் விரித்த ஒரு கை. கீழ்ப்பாதியில், ஒரு சாண் இடைவெளியில், கம்பளி தேய்ந்து பாவு நூல் (நெசவின் நீளவாக்கு அடிநூல்) தெரியும் இரண்டு வட்டங்கள். அவை முழங்கால் பட்ட இடங்கள். மாடத்துக்குள் உள்ளங்கையளவு இன்னொரு தேய்வு. அது நெற்றி பட்ட இடம். இந்த வடிவமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடத்தை அந்த மூன்று தேய்வுகளிடமிருந்துதான் கற்றேன். இந்தக் கட்டுரையும் அவை காட்டிய வழியில்தான் செல்கிறது.

சில சொற்கள்

தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதை முசல்லா என்போம்; தொழுகை விரிப்பு, தொழுகைப் பாய் என்றும் சொல்வதுண்டு. பாரசீகத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'சஜ்ஜாதே', சஜ்தா என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது. இன்னொன்று 'ஜாநமாஸ்', 'ஜா' என்றால் இடம், 'நமாஸ்' என்றால் தொழுகை. வளைவு மாடம் கொண்ட வடிவமைப்பை நெசவாளர்களும் வியாபாரிகளும் 'மெஹ்ராபி' என்பார்கள். பள்ளிவாசலில் கிப்லாவை, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராப்தான் அந்தப் பெயருக்கு மூலம்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தொழுகைக்குக் கம்பளம் கட்டாயமில்லை. இடம் தூய்மையாக இருந்தால் போதும். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. நபிகள் நாயகம் (ஸல்) பேரீச்ச ஓலையால் முடைந்த சிறிய பாயில் தொழுததை ஹதீஸ்கள் சொல்கின்றன. அந்த வகையில், பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய், பட்டுக் கம்பளத்தைவிட அந்த முதல் விரிப்புக்கு நெருக்கமான உறவு. கம்பளத்தின் அழகு பிற்காலம் சேர்த்த அன்பு. கடமையையும் அன்பையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்தால், இரண்டுக்கும் உரிய மரியாதை கிடைக்கும்.

முதல் படி: தலை எது, கால் எது?

சாதாரணக் கம்பளத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் கெடாது. நடுவில் பதக்கம் இருக்கும், நான்கு மூலைகளும் ஒத்திருக்கும். மெஹ்ராபி கம்பளத்துக்குத் திசை உண்டு. வளைவின் உச்சி இருக்கும் பக்கம் தலை. அது கிப்லாவை நோக்க வேண்டும். டெஹ்ரானில் அது தென்மேற்கு. தமிழ்நாட்டில் மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து.

கம்பளத்தைத் தரையில் விரித்து, கால்பக்கம் வந்து நில்லுங்கள். முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும், பார்க்கக் கற்பதற்காகவாவது இப்படி நிற்பது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தின் மேல் ஏறாமல், விளிம்புக்கு வெளியே நில்லுங்கள். இப்போது மாடம் ஒரு வாசலைப் போல உங்களுக்கு எதிரே எழுந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது வெறும் வளைவாகத் தெரிந்தது, இங்கிருந்து பார்க்கும்போது வாசலாகிவிடும். பல கம்பளங்களில் வளைவின் இருபுறமும் தூண்கள் நெய்யப்பட்டிருப்பது இதனால்தான். தூணும் வளைவும் சேர்ந்தால் வாசல்.

அளவையும் பாருங்கள். ஒருவர் தொழ 70 முதல் 80 செ.மீ. அகலமும் 110 முதல் 130 செ.மீ. நீளமும் போதும். ஈரானியச் சந்தையில் 'ஸர்' என்ற பழைய முழ அளவு இன்னும் வழக்கில் இருக்கிறது; ஒரு ஸர் ஏறக்குறைய 104 செ.மீ. 'ஸர்-சாரக்' என்றால் ஒன்றேகால் ஸர், அதாவது 130 செ.மீ. நீளம். 'ஸரோநீம்' என்றால் ஒன்றரை. மாடம் இருந்தும் கம்பளம் எட்டடி, பத்தடி நீளம் என்றால் அது ஒருவர் தொழுவதற்காக நெய்யப்பட்டதாக இருக்காது. சுவருக்கோ கூடத்துக்கோ நெய்யப்பட்டிருக்கும். ஒரே விரிப்பில் பல மாடங்கள் வரிசையாக இருந்தால் அது 'ஸஃப்' வகை. பள்ளிவாசலில் ஒரு வரிசையே நின்று தொழ. யஸ்துக்கு அருகிலுள்ள மேபோதில், பருத்தி நூலில் நீலமும் வெள்ளையுமாக நெய்யும் 'ஸீலூ' விரிப்புகளில் இந்த ஸஃப் வடிவத்தைக் காணலாம். பகட்டே இல்லாத நெசவு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

இரண்டாம் படி: காலிலிருந்து தலைக்குப் படியுங்கள்

கால்பக்கம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அங்கே பூச்சாடி ஒன்று நிற்கலாம், மரத்தின் வேர் தொடங்கலாம். கண் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மரமும் சாடியும் அதற்காகத்தான் கீழே ஊன்றப்பட்டிருக்கின்றன. சைப்ரஸ் மரத்தைப் பாரசீகத்தில் 'சர்வ்' என்பார்கள். நேராக நிமிர்ந்து, எப்போதும் பசுமையாக நிற்கும் மரம். மாடத்தின் இருபுறமும் இரண்டு சர்வ் மரங்கள் காவல்போல நிற்பதைப் பல கம்பளங்களில் பார்க்கலாம்.

நடுப்பகுதி, அதாவது முழங்காலும் கையும் வரும் இடம், பலவிதமாக இருக்கும். சிலவற்றில் ஒரு பூகூட இல்லாத ஒற்றை நிறத் தரை. சிலவற்றில் ஊசி குத்த இடமில்லாமல் மலர்கள். பின்னதில் ஒரு வகைக்கு 'ஹெஸார் கோல்', ஆயிரம் மலர் என்று பெயர். இதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. முகலாயர் காலத்தில் காஷ்மீரிலும் லாகூரிலும் நெய்த தொழுகைக் கம்பளங்களில், ஒரே அடியிலிருந்து நூற்றுக்கணக்கான பூக்கள் வெடித்தெழும் இந்த அமைப்பு வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் வாழும் கஷ்காய் மக்கள் அதைத் தங்கள் தறிக்குக் கொண்டுவந்தார்கள். இடம்பெயர்ந்து மேய்ச்சல் தேடும் மக்களின் நெசவில் அரசவைப் பூக்கள் கொஞ்சம் கோணலாகி, இன்னும் உயிரோட்டமாகிவிட்டன.

ஒற்றை நிறத் தரைக்கும் ஒரு காரணம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) வேலைப்பாடு கொண்ட ஆடை ஒன்றை அணிந்து தொழுதபோது, அதன் கோலங்கள் கவனத்தைச் சிதைத்ததால் அதைக் கொடுத்துவிட்டு எளிய ஆடையை வாங்கிவரச் சொன்னார் என்று ஹதீஸ் இருக்கிறது. அதை மனத்தில் கொண்டு, தொழும் விரிப்பில் பகட்டான வேலைப்பாட்டைத் தவிர்க்கச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஆக, எளிய தரையைப் பார்த்து நெசவாளர் சோம்பிவிட்டார் என்று எண்ண வேண்டாம். நான் தொழுவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், அந்த வெறும் தரைதான்.

இனி நெற்றி வரும் இடத்துக்கு வருவோம். மாடத்தின் உச்சியிலிருந்து ஒரு சங்கிலியில் விளக்கு தொங்கினால், கம்பளத்தின் இதயத்துக்கு வந்துவிட்டீர்கள். திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் 'அந்நூர்', ஒளி. அதன் 35-ஆம் வசனம், அல்லாஹ் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி என்கிறது. அவனுடைய ஒளிக்கு உவமையாக ஒரு மாடத்தைச் சொல்கிறது. மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கு ஒரு கண்ணாடிக்குள், கண்ணாடியோ ஒளிரும் நட்சத்திரம் போல. கிழக்கையும் சேராத, மேற்கையும் சேராத ஓர் ஒலிவ மரத்தின் எண்ணெயால் அது எரிகிறது. மூல அரபியில் 'மிஷ்காத்' என்று வரும் சொல்லைத் தமிழாக்கியவர்கள் 'மாடம்' என்றார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! பழைய வீட்டுச் சுவரில் விளக்கு மாடத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த வசனத்தையும் இந்தக் கம்பளத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாடம் இருக்கிறது, அதில் ஒளி இருக்கிறது, ஒளிக்கு முன்னால் ஒருவர் நெற்றியை வைக்கிறார்.

இதே விளக்கு தொழுகைக் கம்பளம் அல்லாதவற்றிலும் வரும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆர்தபீல் கம்பளம் சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீனின் அடக்கத்தலத்தோடு தொடர்புடையது. ஹிஜ்ரி 946, அதாவது 1539–40 என்ற ஆண்டு அதிலேயே நெய்யப்பட்டிருக்கிறது. பத்தரை மீட்டர் நீளம். நடுப் பதக்கத்தின் இருபுறமும் இரண்டு விளக்குகள் தொங்குகின்றன, ஒன்று மற்றதைவிடப் பெரிது. மெஹ்ராபி மாடம் அதில் இல்லை. ஆகவே விளக்கைக் கண்டவுடன் தொழுகைக் கம்பளம் என்று முடிவு கட்டாதீர்கள்; விளக்கு, வளைவு, அளவு மூன்றும் சேர வேண்டும்.

மாடத்தின் மேல் மூலைகளைப் பாரசீகத்தில் 'லச்சக்' என்பார்கள். அங்கே சுருள்கொடிகள் இருக்கும். 'இஸ்லீமி' என்பது அந்தக் கொடிக்குப் பெயர். பலூச்சி வகையில் அங்கேதான் கைகள். நெற்றியைத் தாழ்த்தும்போது கைகள் தலைக்கு இருபுறமும் எங்கே ஊன்றப்படுகின்றனவோ, ஏறக்குறைய அதே இடம். ஐந்து விரல்களை இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் என்று சிலர் சொல்வார்கள். ஷியா மரபினர் நபி குடும்பத்தின் ஐவர் என்பார்கள். எனக்கு முதலில் தோன்றுவது எளிய விடைதான்: இங்கே கை வை.

சில விரிப்புகளில் கெண்டியும் சீப்பும் நெய்யப்பட்டிருக்கும். கெண்டி ஒளுவுக்கான, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதற்கான தண்ணீரை நினைவூட்டுகிறது, சீப்பு தொழுகைக்கு முன் தன்னைச் சீர்செய்துகொள்வதை. மனித உருவமும் விலங்கும் தொழும் விரிப்பில் பொதுவாக இடம்பெறாது. மாடத்துக்குள் பறவைகளும் மான்களும் நிறைந்த பட்டுக் கம்பளத்தைக் கண்டால், அது சுவருக்காக நெய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எழுத்து இருந்தால் நின்று பாருங்கள்

சஃபவியர் ஆண்ட 16-ஆம் நூற்றாண்டு ஈரானில், திருக்குர்ஆன் வசனங்களைக் கரையில் நெய்த தொழுகைக் கம்பளங்கள் உண்டாயின. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இவ்வகையில் ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. நிறங்கள் நேற்று நெய்ததுபோலத் துலங்கியதால், இவை 19-ஆம் நூற்றாண்டில் துருக்கியில் செய்த நகல்கள் என்று நீண்டகாலம் ஒதுக்கப்பட்டன. சாயத்தையும் நெசவமைப்பையும் ஆராய்ந்த பிறகுதான் சஃபவியர் கால ஈரானியப் படைப்புகள் என்ற கருத்து வலுப்பெற்றது. அரண்மனைக் கிடங்கில் அதிகம் மிதிபடாமல் இருந்ததே அந்தத் துலக்கத்துக்குக் காரணம். நிறம் புதிதாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் வயதைச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்தக் கம்பளங்களின் கரையைக் கூர்ந்து பாருங்கள். எழுத்து மேல்பகுதியைச் சுற்றி வரும். பாதம் நிற்கும் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் எழுத்து நின்று, பூங்கொடி தொடங்கிவிடும். இறைவசனத்தின் மேல் கால் படக் கூடாது என்ற கவனம் கரையின் அமைப்பையே மாற்றியிருக்கிறது. வடிவமைப்பு உடம்பை அறிந்து செய்யப்பட்டது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இந்தக் கவனம் அரசாணையாகவும் வந்திருக்கிறது. 1610-இல் துருக்கியை ஆண்ட உஸ்மானியப் பேரரசு அங்குள்ள குத்தாயா நகருக்கு ஓர் ஆணை அனுப்பியது. மிஹ்ராபும் மக்காவின் கஅபா உருவமும் எழுத்தும் கொண்ட விரிப்புகளை நெய்ய அது தடைவிதித்தது. அவை பிற சமயத்தாருக்கு விற்கப்பட்டு மரியாதைக் குறைவாகப் பயன்படும் என்ற அச்சம் காரணம். உங்களிடம் எழுத்துள்ள கம்பளம் வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். குர்ஆன் வசனம் என்றால் சுவரில் உயர மாட்டுங்கள். பாரசீகக் கவிதையாகவோ, நெய்தவரின் பெயராகவோ, ஆண்டாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு.

நான்காம் படி: ஈரானில் இதன் மேல் எப்படித் தொழுகிறார்கள்?

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. ஈரானில் பெரும்பான்மையினர் ஷியா முஸ்லிம்கள். ஷியா சட்டமரபில் நெற்றியை மண்ணின் மேலோ, மண்ணில் விளைந்து, உண்ணவோ உடுக்கவோ பயன்படாத பொருளின் மேலோதான் வைக்க வேண்டும். கம்பளி அதில் சேராது. பட்டும் பருத்தியும் சேரா. ஆகவே நெற்றி படும் இடத்தில் 'மொஹ்ர்' என்ற சிறு மண்வில்லையை வைப்பார்கள். இமாம் ஹுசைன் 680-இல் உயிர்த்தியாகம் செய்த கர்பலாவின் மண்ணால் செய்த வில்லைக்குத் தனி மதிப்பு. பல ஈரானிய வீடுகளில் தொழுகைக்குரியது ஒரு சிறு துணிதான். அதற்குள் மொஹ்ரையும் தஸ்பீஹ் எனும் மணிமாலையையும் வைத்து மடித்து வைத்திருப்பார்கள். அதை விரித்தால் அதுவே ஜாநமாஸ்.

அப்படியானால் ஈரானிய நகரங்களான கூமிலும் காஷானிலும் தப்ரீஸிலும் நெய்த அத்தனை மெஹ்ராபி பட்டுக் கம்பளங்களும் யாருக்காக? அவற்றில் பெரும்பகுதி சுவருக்காகவும் சந்தைக்காகவும் அன்பளிப்புக்காகவும் நெய்தவை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. அந்த மாடமும் விளக்கும் உண்மையான பக்தியிலிருந்து வந்த வடிவங்களே. ஆனால் 'ஒரு முதியவர் ஐம்பது ஆண்டு தொழுத கம்பளம்' என்று யாராவது உங்களிடம் கூம் பட்டைக் காட்டினால், தேய்வு எங்கே என்று கேளுங்கள். முழங்கால் தேய்வைப் பெரும்பாலும் பலூச்சி, துருக்மென் மக்களின் கம்பளங்களில்தான் காண்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் சுன்னி முஸ்லிம்கள், விரிப்பின் மேலேயே நெற்றியை வைப்பவர்கள். என் கம்பளத்தில் மாடத்துக்குள் இருக்கும் அந்த உள்ளங்கையளவு தேய்வுக்கு அதுதான் பொருள்.

துருக்மென் என்றதும் ஒரு எச்சரிக்கை. 'எங்சி' எனப்படும் அவர்களுடைய கம்பளத்தில் நான்கு கட்டங்களும் சிறு வளைவும் இருப்பதால் அதைத் தொழுகை விரிப்பு என்று விற்பவர்கள் உண்டு. அது கூடாரத்தின் வாசலில் தொங்கவிடும் திரை.

ஐந்தாம் படி: கதைகளை அளந்து கேளுங்கள்

கம்பளக் கடையில் தேநீரோடு கதையும் வரும். ஏழு கரைகள் என்றால் ஏழு வானம், மரம் என்றால் சொர்க்கம், சிவப்பு என்றால் வீரம். இவற்றில் சில மரபில் வேரூன்றியவை. திருக்குர்ஆனில் சொர்க்கம் தோட்டமாகவே விவரிக்கப்படுகிறது, ஆகவே பூக்கள் நிறைந்த மாடத்தைச் சொர்க்கத்தின் வாசல் என்று காண்பது இயல்பு. ஆனால் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பொருள் என்று அகராதிபோல ஒப்பிப்பதை நான் ஏற்பதில்லை. நெசவாளர் தன் தாயிடமிருந்தோ, பக்கத்துத் தறியிலிருந்தோ பார்த்துக் கற்ற பூவும் அதில் இருக்கும்.

இறைவன் மட்டுமே குறையற்றவன் என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார் என்ற கதையும் பரவலாக உண்டு. கைநெசவில் பிழை தானாகவே வரும்; அதற்காக ஒருவர் முயல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் தறி முன் அமர்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் போட்ட ஒரு பெண்ணின் களைப்பை, இந்தக் கதை ஓர் அழகான தத்துவமாக மாற்றி மறைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆறாம் படி: திருப்பிப் பாருங்கள்

வாங்க நினைத்தால் முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் உண்மை பேசும். கையால் முடிந்த கம்பளத்தில் முன்பக்கக் கோலம் பின்னாலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும். பின்னால் துணி ஒட்டி, கோலம் மறைந்திருந்தால், அது பெரும்பாலும் துப்பாக்கிபோன்ற கருவியால் நூலைக் குத்திப் பசையிட்டுச் செய்தது. ஓரக் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஹஜ்ஜிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் நம் வீடுகளுக்கு வரும், கஅபா படம் போட்ட மெத்தென்ற விரிப்புகள் பெரும்பாலும் இயந்திரத்தில் செயற்கை இழையால் நெய்தவை. தொழுவதற்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. பாரசீகக் கைநெசவு என்று விலை சொன்னால்தான் குறை.

முடிச்சில் இரண்டு வகை. நூல் ஒரு பாவை முழுதாகச் சுற்றி அடுத்த பாவின் அடியில் நுழைந்து வந்தால் பாரசீக முடிச்சு. இரண்டு பாவையும் சேர்த்துச் சுற்றினால் துருக்கிய முடிச்சு. ஆனால் ஈரானிலுள்ள தப்ரீஸில் துருக்கிய முடிச்சுதான் வழக்கம். ஆகவே முடிச்சின் பெயரை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. அடர்த்தியைத் தப்ரீஸில் 'ரஜ்' கணக்கில் சொல்வார்கள். சுமார் 7 செ.மீ. அகலத்தில் எத்தனை முடிச்சு என்பது ரஜ். 50 ரஜ் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 50 முடிச்சு. ஆர்தபீல் கம்பளத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதுவே. பலூச்சிக் கம்பளத்தில் இது மிகவும் குறைவு. அடர்த்தி அதிகமானால் வளைகோடு நளினமாக வரும், அவ்வளவுதான். பக்தியோ அழகோ அந்த எண்ணிக்கையில் இல்லை.

பட்டு என்று சொன்னால் குஞ்சத்திலிருந்து ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் கருஞ்சாம்பல் தரும். மெருகேற்றிய பருத்தி காகிதம்போல எரியும். ஆனால் குஞ்சம் பாவு நூல்தான். முகப்பின் நூல் வேறாக இருக்கலாம். ஒருமுறை எனக்குக் காட்டப்பட்ட 'கூம் பட்டில்' குஞ்சம் பட்டாகவும் முகப்பு மினுக்கிய பருத்தியாகவும் இருந்தது. கடைக்காரரின் இசைவோடு முகப்பிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சோதித்ததால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு இடத்திலும் பார்க்காமல் வாங்குவதில்லை.

சாயத்துக்கு ஈர வெள்ளைத் துணி போதும். சிவப்பின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; நிறம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். ஈரானிய மரபில் சிவப்புக்கு 'ரூநாஸ்' என்ற செடியின் வேர், நீலத்துக்கு அவுரி, பழுப்புக்கு வால்நட் காயின் பச்சைத் தோல். ரூநாஸும் நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேரும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கையால் சாயமிட்ட நூலில் ஒரே நிறம் இடத்துக்கு இடம் சற்று வெளிறியும் அடர்ந்தும் வரும்; அதற்கு 'அப்ரஷ்' என்று பெயர். அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள்.

துருக்கியத் தொழுகைக் கம்பளங்களோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். மேலோட்டமாகச் சொன்னால், துருக்கிய மாடம் நேர்கோட்டில், படிபடியாக, கூர்மையாக எழும். நகரத்துப் பாரசீக மாடம் வளைந்து, நுனியில் மெல்லக் குவியும். பலூச்சி போன்ற பழங்குடி நெசவுகள் ஈரானியவையாக இருந்தும் நேர்கோட்டையே விரும்பும். பத்துக் கம்பளங்களைப் பார்த்த பிறகு கண்ணே சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

தொழுவதற்கென்றால் கிப்லாவைச் சரிபார்த்து விரியுங்கள். வழுக்கும் தரையானால் அடியில் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு. சுவரில் மாட்டுவதென்றால் தலை மேலே இருக்க வேண்டும். ஆணி அடிக்காமல், பின்பக்கம் மேலோரம் முழுவதும் பருத்திப் பட்டை தைத்து அதற்குள் கம்பு நுழைத்துத் தொங்கவிடுங்கள். பாரம் ஒரே இடத்தில் இறங்காது. வாசற்படியில் கால்மிதியாகவோ, காபி மேசையின் அடியிலோ போட வேண்டாம். அதன் மேல் நெற்றி வைக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்ற ஒரு நினைப்பு போதும்.

தூசியைத் தட்டும்போது கையால் வருடிப் பார்த்து, முகப்பு இழை எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமாகத் துடையுங்கள். தண்ணீர் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் ஈரமும் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். அசையாமல் இருட்டில் கிடக்கும் கம்பளியைத்தான் பூச்சி தேடும். மாதம் ஒருமுறை எடுத்து உதறி, காற்றாடப் போடுங்கள். எடுத்து வைக்கும்போது சுருட்டி, பழைய வேட்டித்துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் உள்ளே புழுங்கிவிடும்.

மடிக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொழுது முடித்ததும் விரிப்பின் ஒரு மூலையை மடித்துவிடும் பழக்கம் பல முஸ்லிம் வீடுகளில் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருந்தது. மார்க்கத்தில் அதற்கு ஆதாரமில்லை என்று ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், சொல்வார்கள். கம்பளத்துக்கோ அது நேரடியான சேதம்; ஒரே இடத்தில் நாள்தோறும் மடிந்தால் பாவு நூல் அறுந்துவிடும். என் பலூச்சிக் கம்பளத்தின் வலது மேல்மூலையில் அப்படியொரு மடிப்புக்கோடு, அங்கே நெய்யப்பட்டிருக்கும் கை உருவத்தின் மணிக்கட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பின்பக்கம் ஒரு பருத்தித் துணியை வைத்து, கோட்டுக்கு இருபுறமும் இரண்டு விரல் தள்ளி, பாவை நோகாமல் தளர்வாகத் தைத்திருக்கிறேன். நல்ல கம்பளத் தையல்காரர் கிடைக்கும் வரை அது தாங்கும்.